மண்டையோட்டுச் சீட்டு

காலை ஒன்பது பத்துக்குத் தெய்வசிகாமணி உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"விஷத்துக்குப் பக்கத்துல போனா கிராம்பு மெல்லணும். நெடி ஏறாது. இதெல்லாம் எவன் உங்களுக்குச் சொல்லித் தருவான்?"

கல்லூரியின் வேதியியல் ஸ்டோர் அவர் பொறுப்பு. எதிரே நின்ற பலராமனும் சூசைமேரியும் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. வகுப்புக்கு முன்னும் பின்னும் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவினால் கல்லூரி அவர்களிடம் ஃபீஸ் கேட்காது. இப்படி வேலை பார்க்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்பது பிரின்சிபால் உத்தரவு. 1983-க்கான வகுப்பு இது.

"செருப்பு இல்லாம உள்ள வராதீங்க. கண்ட பாட்டிலை மோந்து பாக்காதீங்க. மீதிய செவுத்துல எழுதிப் போட்டிருக்கேன். படிக்கத் தெரியுமில்ல? மில்லுக் கூலிக்காரன் வூட்டுப் புள்ளைங்க, கேட்டு வெச்சுக்கறது நல்லது."

இருவரும் தலையாட்டினார்கள்.

"மெத்தில் ஆல்கஹால் குடிச்சா என்னா ஆவும்? நீ சொல்லுடா."

பலராமன் யோசித்தான்.

"இவன் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள குடிச்சவன் செத்துருவான். நீ சொல்லும்மா."

"கண்ணு போவும் சார். உசுரும் போவும்."

"சாராயம் மாதிரியேதான் இருக்கும். அறிவுகெட்டவன் வித்தியாசம் தெரியாம குடிப்பான். அப்படிப்பட்டவன் இருந்து என்ன, போயி என்ன?"

பலராமன் சிரித்தான். அவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

தெய்வசிகாமணி குனிந்து முழங்காலைத் தடவினார்.

"இப்ப விஷயத்துக்கு வரேன். உள்ள ஸ்டூலை நகத்திப் போட்டது யாரு? இருட்டுல இடிச்சிக்கிட்டேன்."

உள்ளறையில் பல்பு ஃபியூஸாகி மூன்று மாதம் ஆகிறது. சூசைமேரி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். விஷம் என்ன பரீட்சைக்கா படிக்கிறது, அதற்கு வெளிச்சம் எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அங்கே மேல் தட்டில் இருந்தது ஒரே ஒரு பாட்டில். மண்டையோட்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் பெயர் கிடையாது. என்ன விஷம் என்று ஒருமுறை பலராமன் கேட்டதற்கு, விஷம்னா விஷம்தான் என்றார்.

அதை அவர் மட்டுமே தொடுவார். காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, உள்ளே தாழிட்டுக்கொண்டு சரிபார்ப்பார். போன வருடம் அதைத் துணியால் துடைத்த கோவிந்தராசுவை அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்துவிட்டார். ஃபீஸ் கட்ட வழியில்லாமல் படிப்பை நிறுத்திய கோவிந்தராசு இப்போது உப்பளம் கடைத்தெருவில் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டுகிறான்.

"நான்தான் சார்," என்றாள் சூசைமேரி.

"மேல் தட்டுக்கு ஏறினியா?"

"ஏறினேன் சார்."

"சரி. நாளையிலேர்ந்து வராத. ஃபீஸை ஒங்கப்பனைக் கட்டச் சொல்லு."

"மில்லு மூடி எட்டு மாசம் ஆவுது சார். அப்பா வூட்லதான் இருக்காரு."

"அப்ப கூடையத் தூக்கிக்கிட்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போ. அங்க உக்காந்துகிட்டே யாவாரம் பாக்கலாம். ஸ்டூல் ஏற வேணாம்."

பலராமன் தரையைப் பார்த்தான்.

"ஒங்க பாட்டிலைத் தொடவே இல்ல சார்," என்றாள் சூசைமேரி. "நேத்து நீங்க கௌம்பினப்புறம் விலங்கியல் டிபார்ட்மென்ட்லேர்ந்து ஒரு பாட்டில் குடுத்து அனுப்புனாங்க. விஷம்னா மண்டையோடு ஒட்டி மேல் தட்டுல வெக்கணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? மூணாவது விதி. அப்படியே வெச்சேன்."

சுவரில் அப்படித்தான் இருந்தது, அவருடைய கையெழுத்தில்.

"எழுதினவனுக்கே பாடம் நடத்துறியா? நான் வர்ற வரைக்கும் மேசை மேல வெச்சிருந்தா அது எந்திரிச்சு ஓடிடுமா?"

"யாராவது தெரியாம எடுத்துடுவாங்கன்னு பயந்தேன் சார்."

"யாராவது! உன்ன மாதிரி முட்டாளா எல்லாரும்? போ, அதை எடுத்துட்டு வா. பிரின்சிபால் மேசையில வெச்சு, இவதான் ஸ்டோருக்குள்ள இஷ்டத்துக்கு ஏறி எறங்குறவன்னு சொல்றேன்."

சூசைமேரி உள்ளே போனாள். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி இன்னொரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் மேல் தட்டில் முன்னால் இருந்ததை எடுத்து வந்தாள். பழுப்பு நிற பீர் பாட்டில். ஆய்வகத்தில் எல்லாமே பீர் பாட்டிலில்தான். ஊரில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. கழுவி, ரப்பர் கார்க்கைச் செருகினால் ஆயிற்று. இதிலும் அதே மண்டையோட்டுச் சீட்டு. அதற்குக் கீழே மட்டும் நீல மசியில், அவளுடைய சின்ன எழுத்தில், மெத்தில் ஆல்கஹால் என்று எழுதியிருந்தது.

தெய்வசிகாமணி அதைப் படித்தார். கிராம்பை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

சூசைமேரி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், நேத்து இது கழுத்து வரைக்கும் இருந்துச்சே?"