தேட வேண்டாத இடங்கள்

எந்தக் கோப்பின் பெயரைத் தட்டினாலும் அது இருக்கும் இடத்தை அலுவலகக் கணினி நொடியில் காட்டிவிடும். அந்தத் தேடல் பட்டியலை அமைத்தவனே அவன்தான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஒன்பது வருஷம் அடைபட்டுக் கிடந்தவனுக்குத் தன் ராஜினாமாக் கடிதத்தை மறைக்கவா தெரியாது? ‘தேட வேண்டாத இடங்கள்’ என்ற வரிசையின் கடைசியில் தன் கோப்புறை முழுவதையும் சேர்த்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மேலாளர் அம்மாவின் முன்னால் போய் நின்றான்.

“வாங்க தம்பி. முகத்துல கல்யாணக் களை தெரியுதே!”

“ஒரு விஷயம் மேடம்...”

“முதல்ல நான் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை உங்க கோப்பு ஒண்ணைத் தேடினேன். ஒண்ணுமே வரலை.”

“அப்படியா? பார்க்கறேன் மேடம்.”

“நானே பார்த்துட்டேன். ஒன்பது வருஷம் வேலை செஞ்சவர் பேர்ல ஒரு கோப்புகூட இல்லைன்னா சந்தேகம் வராதா? எங்கெல்லாம் தேடக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்கன்னு பார்த்தேன். கடைசி வரியில நீங்களே வழி காட்டியிருந்தீங்க.”

அவன் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

“என்னைத் தடுக்காதீங்க மேடம்.”

“நான் ஏன் தடுக்கறேன்? இந்தப் பிரிவுல இருக்கறதே நாம ரெண்டு பேர். ஒருத்தர் போனா இன்னொருத்தர் மூணு வருஷம் நகரக் கூடாதுன்னு சேரும்போதே எழுதி வாங்கிட்டாங்க. அதனாலதானே என்கிட்ட மறைச்சீங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. எனக்கும் இங்க பதினாறு வருஷமா மூச்சு முட்டுது.”

அந்த அம்மா இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

“என் கடிதத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொடுத்துட்டேன்.”