மூன்றாவது தாழ்ப்பாள்

ரஜிதா கீழ்த்தளப் படிக்கட்டில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மடியில் ஏழு மாதத் துளசி. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழே, குப்பைத் தொட்டியைச் சுற்றி ஒரே கூச்சல்.

"மூணாவது தாழ்ப்பாளையும் திறந்துடுச்சு லா, குரங்கு!" குடியிருப்புத் தலைவர் விநாசித்தம்பி குதித்தார். "சுட்டுத் தள்ளுங்க தம்பி!"

வனவிலங்கு இலாகா ஸ்ரீகரன் நோட்டைப் புரட்டினான்.

"கொக்கி போட்டோம், ஒரு வாரம் தாங்குச்சு. ஸ்பிரிங், மூணு நாள். இதைப் பூட்ட ரெண்டு கையும் வேணும். செஞ்சு பார்க்கிறது, சரிவரலைன்னா மாத்துறது, அதான் ஐயா எங்க வேலை. இதுவும் தோத்தா துப்பாக்கிதான்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

மதில்மேல் ஒரு தாய்க்குரங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு, ரஜிதாவையே பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். நாலு பேர் முன்னால் வாய்தான் வராது.

"குரங்கா அது? இன்ஜினியர்!" என்றார் சாப்பாட்டுக்கடை நூர் முகம்மது.

"கேமரா வச்சிருந்தேன். எப்படித் திறக்குதுன்னு பார்த்துடுவோம்," என்றான் ஸ்ரீகரன்.

எல்லோரும் அவன் போனைச் சூழ்ந்தார்கள். ரஜிதாவும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

படத்தில் தாய்க்குரங்கு வந்தது. இழுத்தது, கடித்தது, உட்கார்ந்து யோசித்தது. போய்விட்டது.

அடுத்து நூர் முகம்மது. திறந்தார், பையை எறிந்தார், மூடாமல் நடந்தார்.

அடுத்து விநாசித்தம்பி. ஒரு கையில் பை, மறு கையில் மூக்கு. மூடி அப்படியே.

"அன்னைக்குக் கொஞ்சம் கைவலி..."

அடுத்து ரஜிதா, இடுப்பில் துளசியோடு. மூடி அப்படியே.

கடைசியில் தாய்க்குரங்கு, கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்ததுபோல் சாவகாசமாக வந்து உட்கார்ந்தது.



"அப்ப... துப்பாக்கி?" விநாசித்தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

"சுடலாம் ஐயா. தொட்டியைத் திறந்து போட்டவங்களைத்தானே சுடணும்?"

ஸ்ரீகரன் நோட்டில் 'குரங்கு' என்பதை அடித்துவிட்டு 'ஆளுங்க' என்று எழுதினான். "தப்பு என்னுதுதான். மூணு தாழ்ப்பாளும் குரங்கைப் பார்த்தே செஞ்சேன், உங்களைக் கேட்கவே இல்ல. அக்கா, நீங்க சொல்லுங்க. எப்படி இருந்தா மூடுவீங்க?"

ரஜிதாவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் சொன்னாள்.

"பிள்ளை வச்சிருக்கவளுக்கு ஒரு கைதான் சார். கைய விட்டதும் மூடி தானா விழுந்து பூட்டிக்கணும். அப்படி இருந்தா யாரும் திறந்து போட மாட்டோம், நான்கூட எப்பவும் மூடித்தான்..."

"ஏ ரஜிதா!" மூன்றாம் மாடியிலிருந்து நல்லம்மா அக்கா கத்தினாள். "நெத்திலியத் திறந்து போட்டுட்டு அங்க என்னடி பேச்சு? படிக்கட்டைப் பாரு, குரங்கு தன் குட்டிக்கு ஊட்டி..."