சட்டைப் பையில் காது

வயலின் பெட்டியின் கொக்கி டிக்கென்று திறந்ததுதான் தாமதம். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த மாமனார், காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதோடு விட்டாரா? நாற்காலியை இழுத்துவந்து, அவள் அறைக் கதவோரம் காற்றே வராத மூலையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தான் காதை அடைத்துக்கொண்டது மருமகள் கண்ணில் பட வேண்டுமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை பார்ப்பது இரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஊசியை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களைத்தான் காலையிலிருந்து பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து வயலினை எடுக்கும்போது இங்கேயும் ஒருவர் அதையே செய்தால், யாருக்குத்தான் வாசிக்க மனசு வரும்?

சின்ன வயதில் விட்டதைக் கல்யாணத்துக்குப் பிறகு ஆசை ஆசையாகத் தூசி தட்டி எடுத்திருந்தாள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தது. இப்போதோ மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் விரல் தவறிக் கம்பி கிறீச்சிட்டது.

அன்றும் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தாள். மாமனார் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. கேட்டுவிட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை அவமானமாக இருந்திருக்காது.

"உங்கப்பா என்னதான் நினைச்சுட்டிருக்காரு?" என்று கணவன்மேல் பாய்ந்தாள். "டிவி நியூஸுக்குக் காது வேணும், பக்கத்து வீட்டு வம்புக்குக் காது வேணும். நான் வாசிச்சா மட்டும் காது சட்டைப் பைக்குப் போயிடுமா?"

"பேட்டரிய மிச்சம் பிடிக்கிறாரோ என்னவோ."

"விளையாடாதீங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா அவரு முறைப்பாரு, கேக்கலேன்னா நீ முறைக்கிற. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான்" என்றவன், குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவள் வாசிப்பதை விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு மணி நேரத்தையும் அடுப்படி பிடுங்கிக்கொள்ளும். கணவன் வீடு திரும்ப எப்படியும் இருட்டிவிடும். வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து வைப்பாள், கதவை ஒருக்களித்துச் சாத்துவாள், கட்டிலில் சாய்ந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பாள்.

அப்போதும் மாமனார் விட்டபாடில்லை. பெட்டி திறந்த கையோடு மெஷினைக் கழற்றிக்கொண்டு அதே மூலைக்கு வந்துவிடுவார். வராத சத்தத்துக்கும் காதைப் பூட்டுகிற மனிதரை என்ன செய்வது? வெறுப்பு வெறுப்பாக வந்தது அவளுக்கு.

ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில், தன்னோடு வேலை பார்ப்பவரை ஃபோனில் பிடித்தாள்.

"உங்க பொண்ணு வயலின் வேணும்னு கேட்டாளே, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போங்க. எனக்கு இனிமே அதைப் பாத்தாலே எரிச்சலா இருக்கு."

சனிக்கிழமை காலை மாமனார், "காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். கொஞ்ச நாளாகவே அவர் சாப்பாடும் குறைந்திருந்தது, பேச்சும் குறைந்திருந்தது. கணவனுக்கு அன்று வேலை. அவள்தான் லீவு சொல்லிவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அழைத்துப் போனாள். இருக்கிற காதை மூடி வைப்பவருக்கு வைத்தியம் ஒரு கேடு!

டாக்டர் அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லிப் பரிசோதித்தார். பிறகு மெஷினைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கு ஐயா. மெஷினும் நல்லா வேலை செய்யுது. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

மாமனார் திரும்பிப் பார்த்தார். மருமகள் வாசல் பக்கம் உட்கார்ந்து ஃபோனில் மூழ்கியிருந்தாள். குரலைத் தாழ்த்தி ரகசியம் பேசினார். காது மந்தமானவர்களின் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"மெஷினைச் சொல்லல டாக்டர். அது இல்லாமலும் எனக்குக் கொஞ்சநஞ்சம் கேட்டுட்டிருந்துச்சு. இப்ப அதுவும் போயிடுச்சு."

"மெஷினை எதுக்குக் கழட்டுறீங்க?"

"அதை மாட்டிட்டு வயலின் கேட்டா தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. தகரமா? எதிரில் டாக்டர் இல்லாவிட்டால் அங்கேயே இரண்டில் ஒன்று கேட்டிருப்பாள்.

டாக்டர் சிரித்தார். "இது பேச்சுக்குன்னு செஞ்சது ஐயா. பாட்டைக் கெடுக்கத்தான் செய்யும்."

"அதான், மருமக பெட்டியத் திறந்ததும் மெஷினைக் கழட்டிட்டுக் கதவோரமா போய் உக்காந்துக்குவேன். அப்பதான் பாட்டு பாட்டா வரும். என்ன சுகமா இருக்கும் தெரியுமா?" என்றவர் காதைத் தடவிக்கொண்டார். "ஒரு மாசமா அவ தினம் உள்ள வாசிச்சிட்டுதான் இருக்கா. எனக்குத்தான் ஒரு பொட்டுச் சத்தம் கேக்கல."

டாக்டர் ஒன்றும் புரியாமல் ரிப்போர்ட்டை மறுபடியும் பார்த்தார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். எனக்குக் கேக்கலேன்னு தெரிஞ்சா, பாவம், வாசிக்கிறதையே விட்டுடுவா."

அவள் எழுந்துவந்து அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு சாயங்காலம் கேக்கும் மாமா."