அணில் வைத்த பத்துத் தடங்கள்

மழைக்காலத்துக்கு முன் அணில் தன் அறுபது கடலையையும் தரகர் காகத்திடம் கொடுத்து, மாமரத்துக் காய்ப்பில் பங்கு வாங்கித் தரச் சொன்னது.

"விலை மாறும்போதெல்லாம் உன்னைத் தேடி அலைய முடியுமா தாயி? இந்தப் பத்து வெற்று இலையிலும் கால் பதிச்சிட்டுப் போ. எல்லாரும் அப்படித்தான்" என்றது காகம். அணில் பதித்தது.

காகம் அந்தக் கடலையைத் தன் இன்னொரு வாடிக்கையாளரான கொக்கின் பந்தயத்துக்கு ஈடாக வைத்தது. கொக்கு தோற்றது. அறுபதும் போயின.

வானம் கறுத்தது. கூட்டில் மூன்று குட்டிகள் பசியோடு இருந்தன. தரகர்களை மேற்பார்க்கும் உடும்பிடம் அணில் ஓடியது.

உடும்பு காகத்தை இலைகளோடு வரவழைத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தது. "பத்திலும் உன் கால்தானே?"

"ஆமாங்க. அப்போ அதுல ஒண்ணும் எழுதலைங்க."

"இப்போ எழுதியிருக்குதேம்மா, ஈடு வைக்கச் சம்மதம்னு."

பிறகு காகத்தைக் கண்டித்தது. "ஏழாம் இலையில் தேதி இல்லை. அபராதம் ஐந்து கடலை."

காகம் அங்கேயே கட்டிவிட்டுப் பறந்தது.

"ஐயா, அந்த அஞ்சையாவது குட்டிங்களுக்கு..."

"அது அலுவலகத்துக்குச் சேர வேண்டியதும்மா." உடும்பின் குரலில் கோபமில்லை.

வெளியே முதல் தூறல் விழுந்தது.

"இந்த மழை எத்தனை நாளுங்க பெய்யும்?" என்று கேட்டது அணில்.

உடும்பு தன் பதிவைப் புரட்டிப் பார்த்தது. "போன வருஷம் நாற்பத்தொரு நாள்."