வெளியேறிய பதிவு இல்லை

விசா முடிகிற நாளன்று காலையில் கைசர் ஜஹான் கண் விழித்தபோது, புருஷன் அப்துல் கய்யூம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவள் வாய்விட்டு அழுதேவிட்டாள். மனிதர் வந்துவிட்டார், அதுவும் கெடு தாண்டாமல்.

"சொல்லாம கொள்ளாம வந்து உக்காந்துக்கினு கீறீங்களே, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீதானே ஒரு நாள்கூட அதிகமா தங்கக் கூடாதுன்ன. வந்துட்டேன்."

உண்மைதான். விசிட் விசாவில் வளைகுடாவுக்கு வேலை தேடிப் போனவரை அவள் அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிடுங்கி எடுத்தாள். அவளுடைய பெரியப்பா மகன் ஒருவன் அப்படித்தான் கெடு தாண்டித் தங்கி, அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே போய், தாடி நரைத்துத் திரும்பி வந்தான். அந்த பயம் அவளை விடவில்லை. தினமும் பல் துலக்கும் முன்பே அந்த நாட்டு இணையதளத்தில் கய்யூமின் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு, விசா இன்னும் செல்லுமா என்று பார்த்துவிடுவாள்.

இனி அந்தத் தொல்லை இல்லை. சிரிப்பும் அழுகையுமாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

பால் பாக்கெட்டைக்கூட இன்னும் எடுத்து வரவில்லை. பாலில்லாத டீ போட்டாள். நேற்று வைத்த சங்கரா மீன் குழம்பைச் சூடு பண்ணி, நாலு இட்லியோடு அவர் முன்னால் வைத்தாள். மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி சாப்பிட்டார்.

"ஃபேனை நிறுத்திடு கைசர். குளிருது," என்றார்.

மே மாதம். மைலாப்பூரே கொதித்துக்கொண்டிருந்தது. ஏசி ரூமிலேயே கிடந்து பழகிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

பெட்டியைக் கேட்டதற்கு, வெங்கடேஷ் அனுப்பிவைப்பான் என்றார். வெங்கடேஷ் அங்கே அவரோடு ஒரே அறையில் இருக்கும் கே.கே. நகர் ஆள்.

இரண்டாவது முறை குழம்பு ஊற்றக் குனிந்தபோதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள். பச்சைத் துணி இல்லை.

பயணம் போகிறவர் கையில் ஒரு நாணயத்தைத் துணியில் முடிந்து இமாம் ஜாமின் கட்டிவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து, ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். போகும்போது கட்ட ஒன்று, வரும்போது கட்ட ஒன்று என்று அவள் இரண்டு தைத்திருந்தாள். வரும்போது வெங்கடேஷ் கட்டிவிடுவது, இங்கே வந்ததும் அவள் அவிழ்ப்பது என்று பேச்சு. போன வாரம்கூட, வெங்கடேஷ் முடிச்சுப் போட்டுப் பழகுகிறான் என்று போனில் சொல்லிச் சிரித்தார். அதைக் கட்டாமல் அந்த மனிதர் அறையின் படி தாண்டமாட்டார்.

"இமாம் ஜாமின் எங்க?"

"பெட்டியிலயே கீது. கட்டிக்க நேரமே கெடைக்கல."

சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டார்.

அவள் சமையலறைக்குள் போனாள். பழக்க தோஷத்தில் கை போனை எடுத்தது. பாஸ்போர்ட் எண்ணை விரல் தானாகவே தட்டியது.

விசா இன்றோடு முடிகிறது. நாட்டுக்குள் இருக்கிறார். வெளியேறிய பதிவு இல்லை.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதேதான். டிக்கெட் போட்டுக் கொடுத்த தி.நகர் டிராவல்ஸ் ரகுபதிக்கு போன் அடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏர்போர்ட்ல ஸ்டாம்ப் உழுந்த ஒடனே சைட்ல ஏறிடும்கா. உள்ள கீறாருன்னு காட்டுதுன்னா உள்ளதான் கீறாரு. இன்னாக்கா, இன்னும் கெளம்பலியா அவரு?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். தட்டின் ஓரத்தில் மீன் முள்ளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அவர் அப்படித்தான் அடுக்குகிறார். அவரேதான். அதில் சந்தேகமே இல்லை.

கையிலிருந்த போன் அடித்தது. வெங்கடேஷ்.

அவன் ஒரு நாளும் அவளுக்கு போன் செய்ததில்லை. எதுவானாலும் கய்யூமின் போனிலிருந்துதான் பேசுவான். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. வாசல் கதவைத் தாழ்போட ஓடினாள்.

மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் ராத்திரி அவள் போட்டபடியே கிடந்தன. ஜன்னல் வழியே, வெளிப்பக்கக் கைப்பிடியில் பால் பாக்கெட் பை தொங்குவது தெரிந்தது.

பிறகு முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

கய்யூம் கை கழுவி எழுந்து நின்றுகொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த நாளில் அவளைப் பார்த்த அதே கூச்சத்தோடு பார்த்தார்.

"நேரமாச்சு கைசர். நான் கெளம்பட்டா?"

போன் மூன்றாம் முறையாக அடித்தது. அவள் அதைக் கவிழ்த்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். இன்னும் இரண்டு இட்லி எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"ஒரு நாள்," என்றாள். "ஒரே ஒரு நாள் அதிகமா தங்கிட்டுப் போங்களேன்."