தூக்கும் விதம்

வாட்ச்மேன் தனுஷ்கோடி தோளில் குறுக்கே கிடக்க, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சண்முகவள்ளி பள்ளிக்கூட மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான், மாமனார் வீரையா கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்.

"ஏ வள்ளி, ஒங்க மாமா" என்றாள் கூடச் சமைக்கும் ராக்கு.

சண்முகவள்ளிக்குக் கால் தடுமாறியது. தனுஷ்கோடி மணலில் பொத்தென்று விழுந்தார்.

"தீக்குள்ளயே விட்டிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது ஆத்தா" என்று முழங்கையைத் தடவினார். யாரும் சிரிக்கவில்லை.

சத்துணவுக் கூடத்துக்குக் கேஸ் அடுப்பு வரப்போகிறது. அதற்கு முன்னால் பணியாளர்களுக்குத் தீப் பாதுகாப்புப் பயிற்சி என்று உத்தரவு. நேற்று முதல் நாள், ஈரச் சாக்கைப் போட்டு நெருப்பை அமர்த்தப் பழகினார்கள். பிறகு, மயங்கிக் கிடப்பவரைத் தூக்கி வருவது. ஒல்லிக்குச்சியான சண்முகவள்ளி, குண்டு ராக்குவைத் தூக்கி நடந்த கதை சாயங்காலமே ஊரணிக்கரை வரை போயிருந்தது.

சண்முகவள்ளி சேலையை இறக்கிவிட்டாள். காலையிலிருந்து விறகடுப்பு, அண்டா, புகை, பிள்ளைகளுக்குப் பரிமாறியது, அதன் பிறகு இந்தப் பயிற்சி. பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

புருஷன் போன பிறகு கிடைத்த வேலை இது. வீரையா குடும்பத்துப் பெண் ஊருக்குச் சோறாக்கப் போவதா என்று அன்றைக்கே அவளோடு பேச்சை நிறுத்தினார் மாமனார். அதன் பிறகு எதுவானாலும் கொட்டிலில் நிற்கும் ஆட்டிடம்தான் சொல்வார்.

"ஆம்பளைக மத்தியில நின்னாள்னு ஒரு சொல்லு எங்காதுல விழட்டும், அன்னைக்கோட வேலைக்கு முழுக்கு" என்று போன வாரம்கூட ஆட்டிடம் சொல்லியிருந்தார். அந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அது அவருக்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும்.

வாதத்தில் படுத்துவிட்ட அத்தையை விட்டு அவர் பகலில் வாசல் தாண்டுவதே இல்லை. பக்கத்து வீட்டு நாகலெட்சுமியைக்கூட அவளைத் தொட விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் உச்சி வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்றால், யாரோ நன்றாக வத்தி வைத்திருக்கிறார்கள்.

வீரையா நிதானமாக வந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது. எவருக்கும் குனியாத உடம்பு, அன்றைக்கும் குனியவில்லை. முகம் மட்டும் கறுத்திருந்தது.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்திருந்த பாக்கர் எதிர்கொண்டு போனார். "வாங்கய்யா. தீப்பிடிச்சா மயங்குன ஆள எப்படி வெளிய கொண்டுவாரதுன்னு சொல்லிக்குடுக்குறோம். கவர்மெண்டு உத்தரவு. தப்பா நெனைக்காதீக."

வீரையா அவரைத் தாண்டிப் பார்த்தார். "ஏலே தனுஷ்கோடி, நீ என்ன எடை இருப்ப?"

"எழுபத்தஞ்சு கிலோ இருக்கும்யா. நான் மாட்டேன்னுதான் சொன்னேன், சார்தான்..."

"எடையத்தான் கேட்டேன். கதையக் கேக்கல."

வீரையா பாக்கரிடம் திரும்பினார். "இன்னொருக்கா தூக்கச் சொல்லுங்க."

"அய்யா, அது வந்து..."

"எங்கண்ணு முன்னால தூக்கட்டும்."

ராக்குவுக்குப் பொறுக்கவில்லை. "பெரியவரே, எதாருந்தாலும் வீட்ல வச்சுப் பேசிக்கங்க. இங்கன வேணாம். அது பாவம், விடியுமுன்ன எந்திரிச்ச பிள்ள."

"நீ சும்மா இரு" என்றார் வீரையா. குரல் உயரவில்லை.

ஊர் முன்னால் அவமானப்படுத்தித்தான் கூட்டிப்போவது என்று முடிவு செய்து வந்திருக்கிறார். அதுவும் ஆகட்டும் என்று நினைத்தாள் சண்முகவள்ளி. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. மறுபடியும் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

தனுஷ்கோடி மணலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உயிரோடு இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

பாக்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இடுப்ப வளைக்காதம்மா. ஒத்த முழங்கால ஊண்டு. பாரத்தத் தோளுக்கு வாங்கு. ஆங், இப்ப காலால எந்திரி. இடுப்புக்கு அங்கன வேலையே இல்ல."

சண்முகவள்ளி எழுந்தாள். வீரையா அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் பார்வை சேலை விலகிய முழங்காலிலேயே நின்றது. அவளுக்கு முகம் எரிந்தது. கண் நிறைந்து எதிரில் இருந்த வேப்பமரம் கலங்கியது.

"இறக்கச் சொல்லுங்க" என்றார் பாக்கரிடம்.

அவள் இறக்கினாள். சேலையைச் சரிசெய்தாள். சமையல்கட்டுக்குப் போய் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்தாள். கரண்டியும் அண்டாவும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. நாளைக்கு வேறொருத்தி வந்து நிமிர்த்துவாள்.

"வாங்க மாமா, போவோம்" என்றாள், தலையைத் தூக்காமல்.

வீரையா நகரவில்லை. இடுப்பில் வைத்த கையையும் எடுக்கவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்காத மருமகளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அத எனக்கும் சொல்லிக்குடு தாயி. ஒங்கத்தைய இனிமே என்னால குனிஞ்சு தூக்க ஏலல."