ஓலை கேட்ட இடம்

அளவிலாக் கருணையுடைய ஆண்டவருக்கே தோத்திரம்.

ஒரு வீட்டுச் சுவரில், சிலுவையின் பின்னே, குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையொன்று ஏறக்குறைய ஓராண்டாய்ச் செருகப்பட்டிருந்தது.

"ஆண்டவருக்கு என்னைவிட நெருக்கம் யார்?" என்று அந்த ஓலை சுவரிலிருந்த பல்லியிடம் பெருமை பேசியது.

"அடி அக்கா, இதே சிலுவை இடுக்கில்தானே நானும் குடியிருக்கிறேன்!" என்று சிரித்தது பல்லி.

நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதன் நெருங்கியது. சாம்பலாக்குவதற்காகப் பழைய ஓலைகளையெல்லாம் வழக்கப்படி கோயிலுக்கு எடுத்துப்போனார்கள்.

"ஆண்டவரே, உம் பக்கத்திலிருந்து என்னைப் பிரிக்கிறார்களே!" என்று ஓலை கதறியது. நெருப்பு அதை மிச்சமின்றித் தின்றது.

மறுநாள் குருவானவர் அந்தச் சாம்பலை விரலால் தொட்டு, களையெடுத்துவிட்டு ஓடிவந்த ஒருத்தியின் வியர்த்த நெற்றியில் நெடுக்காய் ஒன்றும் குறுக்காய் ஒன்றுமாக இரு கோடுகளாய்ப் பூசினார். பக்கத்தில் இருக்க மட்டுமே ஆசைப்பட்ட ஓலை, அங்கே சிலுவையாகவே இருந்தது.

இதைக் கேட்போர் நெற்றியிலும் ஆண்டவரின் திருக்கரம் தங்குவதாக.